டி டிரைவைப் பார்க்காதே

நான் போட்டுப் பார்த்த மூன்று ஆன்டிவைரஸும் முதலில் பிடித்தது சாரதாமணி அக்காவின் மார்க்கர் சாப்ட்வேரைத்தான்.

கடையில் சிவப்பு டப்பாவில் விற்பது, பிடித்து அழித்துவிட்டு அப்புறம் சொன்னது. பச்சை டப்பா என்னிடம் கேட்டுவிட்டு அழித்தது. மூன்றாவது இலவசம். அது திரை முழுக்க எச்சரிக்கை காட்டிக் கத்திவிட்டு, அழிக்க வேண்டுமானால் காசு கட்டு என்றது. எல்லாம் முப்பது நாள் சோதனைக்கு இறக்கியவை. ஒவ்வொன்றையும் கழற்றிப் போட்டுவிட்டு, பென் டிரைவில் இருந்த நகலை எடுத்து மார்க்கர் சாப்ட்வேரைத் திரும்ப ஏற்றினேன். ஞாயிற்றுக்கிழமை காலை பூராவும் இப்படியே போனது. அதற்குள் அம்மா கறி எடுத்து வந்து, கழுவி, குழம்பு கொதிக்கவைத்து இறக்கிவிட்டாள். நான் இன்னும் பல் விளக்கவில்லை.

மார்க்கர் என்றால் பேனா இல்லை. ஒரு பனியனின் முன்பக்கம், பின்பக்கம், கை, கழுத்து எல்லாவற்றையும் துணியின் அகலத்துக்குள் இடம் வீணாகாமல் அடுக்கி வரைகிற படம். அதைப் பெரிய தாளில் அச்சடித்து, மெத்தை மாதிரி அடுக்கி விரித்த துணிமேல் வைத்து, கட்டிங் மாஸ்டர் கோட்டோடு அறுப்பார். சாரதாமணி அக்காவின் கம்பெனியில் கோடு போடுவது நான். அறுப்பது என் அப்பா ராக்கையா. அறுத்துத் தைத்து வந்ததைச் செக்கிங் பார்ப்பது அம்மா மூக்கம்மாள். குடும்பமாக ஒரே பனியனில் தொங்கிக்கொண்டிருக்கிறோம்.

கோடு போடும் சாப்ட்வேரின் அசலுக்கு ஒரு பூட்டு உண்டு. எங்களிடம் இருப்பது அசல் இல்லை. பூட்டை ஏமாற்றுகிற ஒரு சின்ன ஃபைல் கூடவே வரும். ஆன்டிவைரஸ் பிடிப்பது அந்தச் சின்ன ஃபைலைத்தான். அது இல்லாவிட்டால் சாப்ட்வேர் திறக்காது.

நான் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ். குடும்பத்தில் முதல் பட்டதாரி என்று தாசில்தார் கையெழுத்துப் போட்ட சான்றிதழ் அம்மாவின் ரேஷன் கார்டு கவரில் இருக்கிறது. வேலம்பாளையத்தில் எங்கள் லைன் வீடுகள் பன்னிரண்டு. இரண்டு வீட்டில்தான் கம்ப்யூட்டர் உண்டு. ஆனால் பன்னிரண்டு வீடும் என்னிடம் கேட்டுவிட்டது, வீட்டுக் கம்ப்யூட்டருக்கு எந்த ஆன்டிவைரஸ் நல்லது என்று. எல்லோருக்கும் ஒரே பதில்தான் சொன்னேன். விண்டோஸோடு வருவதே போதும், அப்டேட்டை நிறுத்தாதீர்கள், திருட்டுச் சாப்ட்வேர் இறக்காதீர்கள். மூன்றாவதைச் சொல்லும்போது என் வாய் கூசும்.

இப்போது அந்தப் பதில் எனக்கே போதாமல் போய்விட்டது. கோயமுத்தூரில் ஒரு கம்பெனி வேலை தருவதாக மெயில் அனுப்பியிருந்தது. ஆன்லைன் கடைகளில் விற்கும் துணிமணிகளுக்கு விவரம் எழுதிச் சேர்க்கும் வேலை. வீட்டிலிருந்தே பார்க்கலாம். கம்ப்யூட்டர் நம்முடையது. அதனால் நிபந்தனை: காசு கொடுத்து வாங்கிய ஆன்டிவைரஸ் ஒரு வருடத்துக்கு இருக்க வேண்டும். முழு ஸ்கேன் சுத்தமாக வர வேண்டும். திருட்டுச் சாப்ட்வேர் கூடாது. விலக்குப் பட்டியல் காலியாக இருக்க வேண்டும். விலக்குப் பட்டியல் என்றால், இந்தந்த இடத்தையெல்லாம் பார்க்காதே என்று நாமே ஆன்டிவைரஸுக்குச் சொல்லி வைக்கும் பட்டியல். செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு அவர்கள் ஆள் கோயமுத்தூரிலிருந்தே என் கம்ப்யூட்டருக்குள் வந்து பார்ப்பார். சரியாக இருந்தால் அடுத்த திங்கட்கிழமை வேலைக்குச் சேரலாம்.

மூன்று வருடமாகப் பகலில் அக்காவின் கம்பெனி ஆபீஸில் ரசீது டைப் அடித்துவிட்டு, மீதி நேரத்தில் வீட்டில் மார்க்கர் போடுகிறேன். இந்த வேலை கிடைத்தால் சம்பளம் கொஞ்சம் கூடும். அதைவிட, அங்கே யாரும் என்னைக் கண்ணு என்று கூப்பிட மாட்டார்கள்.

தங்கதுரை அண்ணனுக்குப் போன் போட்டேன். வேலம்பாளையத்திலிருந்து பெருமாநல்லூர் வரைக்கும் சின்னக் கம்பெனிகளின் கம்ப்யூட்டர்களுக்கெல்லாம் அவர்தான் டாக்டர். சாத்தான்குளத்துப் பக்கத்திலிருந்து டெய்லர் வேலைக்கு வந்தவர், மெஷினை விட்டுவிட்டு இதற்குத் தாவிவிட்டார். கழுத்தில் அடையாள அட்டைக் கயிறு போட்டிருப்பார். அதில் அட்டை இருக்காது, நான்கு பென் டிரைவ் தொங்கும்.

வந்ததும் திரையைப் பார்த்தார். பழைய ஆன்டிவைரஸ்களின் மிச்சம் மீதிகள் ஓரத்தில் கிடந்தன.

"என்னம்மா இது. ஒரு வீட்டுல மூணு மாமியாள வச்சு மாத்தி மாத்திப் பாத்த மாதிரில்லா இருக்கு."

"எல்லாம் அந்த ஒரு ஃபைலைத்தான் பிடிக்குதுண்ணே."

"பிடிக்கத்தான் செய்யும். அது களவாணி ஃபைலுல்லா. ஆன்டிவைரஸுன்னா வாட்ச்மேன் மாதிரி. வேலைக்கு வந்த அன்னைக்கே நீ சொல்லிரணும், இவன் நம்ம களவாணி, உள்ள விடுன்னு."

அவர் கை தானாக மௌஸுக்குப் போனது. விலக்குப் பட்டியலைத் திறந்து, டி டிரைவ் முழுவதையும் அதில் எப்படிச் சேர்ப்பது என்று காட்டினார். மார்க்கர் சாப்ட்வேர் இருப்பது டி டிரைவில்.

"அந்த ஒரு ஃபோல்டர் போதாதாண்ணே? எதுக்கு டிரைவ் பூராவும்?"

"இன்னைக்கு மார்க்கரு கேப்பாவ, நாளைக்கு எம்பிராய்டரி சாப்ட்வேரு கேப்பாவ. ஒவ்வொண்ணுக்கும் நான் வண்டியப் போட்டுட்டு வர முடியுமா? டி டிரைவப் பாக்காதேன்னு மொத்தமாச் சொல்லிட்டா முடிஞ்சிது சோலி. இந்த ஏரியாவுல நான் போட்ட சிஸ்டம் அத்தனையும் அப்படித்தான் இருக்கு, பாத்துக்கோ."

இந்த ஏரியாவுக்கு ஒரு வைரஸ் வந்தால் அதற்கு விலாசம் விசாரிக்க வேண்டியிருக்காது என்று நினைத்துக்கொண்டேன்.

"இவங்க அந்தப் பட்டியல் காலியா இருக்கணும்னு சொல்றாங்க."

"காலியாவா? அப்படி எவன் வீட்டுலம்மா இருக்கு." மௌஸிலிருந்து கையை எடுத்தார். "பதினோரு மணிக்குத்தான வாரான். பத்தரைக்கு எல்லாத்தையும் எடுத்துருவோம். பன்னெண்டு மணிக்குப் போட்டுருவோம்."

"அண்ணே, நான் இதைத்தான் மூணு வருசம் படிச்சேன்."

"அதனாலதான் உனக்கு இவ்வளவு கஷ்டம். படிக்காதவன் எவனும் இதுக்குப் போன் போட மாட்டான்."

அம்மா அவருக்குச் சோறு போட்டாள். சாப்பிட்டுக்கொண்டே, மூன்று பேர் சேர்ந்து போட்டுக்கொள்கிற ஆன்டிவைரஸ் சாவி நம்பர் ஒன்று தன்னிடம் இருப்பதாகச் சொன்னார். பேக்கரிக்காரர் ஒருவர், டியூஷன் டீச்சர் ஒருவர், மூன்றாவது இடம் காலி.

"அந்த மூணாவது இடத்தை இதுவரைக்கும் எத்தனை பேருக்குக் குடுத்தீங்கண்ணே?"

அவர் அம்மாவிடம் இன்னொரு எலும்பு கேட்டார்.

திங்கட்கிழமை காலை கம்பெனிக்குப் போனதும் நேராகச் சாரதாமணி அக்காவின் அறைக்குப் போனேன். அவர் ஒரு நாளும் எங்களில் யாரையும் மரியாதை குறைத்துப் பேசியதில்லை. அதுதான் சிக்கல். திட்டினால் திருப்பித் திட்டலாம். அறையின் மூலையில் இரண்டு சாக்கு முருங்கைக்காய் இருந்தது. மூலனூரில் அவர்கள் தோட்டம். காய் வந்தால் ஆளுக்கு ஒரு கட்டுக் கொடுப்பார்.

"வா கண்ணு, உக்காரு. அம்மா சொன்னாங்க, கோயமுத்தூர் வேலை கெடைக்கப் போவுதாமா. சந்தோசமுங்."

"இன்னும் கிடைக்கலைக்கா. நாளைக்குக் கம்ப்யூட்டரைப் பாக்கறாங்க. அதுல நம்ம மார்க்கர் சாப்ட்வேர் இருக்கக் கூடாதாம்."

"அதெப்படிங் கண்ணு? அதுக்குத்தான அந்தக் கம்ப்யூட்டரையே உங்கூட்டுக்குக் குடுத்தது?"

மூன்று வருடத்துக்கு முன்னால் ஆயுத பூஜை அன்று, ஆபீஸுக்குப் புதுக் கம்ப்யூட்டர் வந்தபோது, பழையதைப் பொரிகடலைப் பொட்டலத்தோடு என் கையில் கொடுத்தார். 'படிச்ச புள்ள, நல்லா இருக்கோணும்' என்றார். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அடுத்த வாரம் அது நின்றுபோனது. ஹார்டு டிஸ்க், ராம், மானிட்டர் எல்லாம் நான் வாங்கிப் போட்டவை. அக்கா கொடுத்ததில் மிச்சம் இருப்பது தகர டப்பாவும் அதற்குள் இருக்கும் போர்டும்தான்.

"அசலை வாங்கி ஆபீஸ் கம்ப்யூட்டர்ல போட்டுட்டா இங்கயே மார்க்கர் போடலாங்க்கா. யாரையாவது சொல்லுங்க, நான் பழக்கிவிட்டுப் போறேன்."

"அசலு வாங்கற காசுக்கு நாலு மெஷின் வாங்கிப் போட்டர்லாம் கண்ணு. உன்றளவுக்கு யாருங் போடுவாங்க? நாளைக்கு ஒரு நாள்தான. ஆடிட்டுக்கு நாம எப்படிங் பண்றோம்? வர்றாங்க, பாக்கறாங்க, போறாங்க. போனதுக்கப்புறம் நம்ம பொழப்ப நாம பாக்கறோம். அதைய மாதிரித்தான் இதும்."

ஆடிட்டுக்கு நாங்கள் எப்படிப் பண்ணுகிறோம் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். பனியன் வாங்குகிற வெளிநாட்டு பையர் சார்பில் ஆள் வருகிற அன்று காலை பீரோ திறக்கும். முதலுதவிப் பெட்டி வெளியே வரும். செக்கிங் பெண்களுக்கு முகமூடி வரும். அப்பாவுக்குக் கம்பியால் பின்னிய கையுறை வரும். கட்டிங் மெஷின் ஓட்டும்போது துணியைப் பிடிக்கிற இடது கையில் அதைப் போட வேண்டும். சாயங்காலம் கார் போனதும் கையுறை துடைத்து, எண்ணி, பீரோவுக்குள் போய்விடும். பழசாகிவிட்டால் அடுத்த ஆடிட்டுக்குப் புதுசு வாங்க வேண்டியிருக்குமே. நான் காலேஜ் இரண்டாம் வருடம் படிக்கும்போது அப்பாவின் இடது ஆள்காட்டி விரல் நுனி போனது. அன்று ஆடிட் இல்லை.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அப்பா துணி விரித்துக்கொண்டிருந்தார். வெறுங்கையால் மடிப்பை நீவிவிட்டார்.

"போச்சாது கண்ணு, பயப்படாத," என்றார் அக்கா. "போறப்ப ரெண்டு கட்டுக் காய் எடுத்துட்டுப் போ."

எடுத்துக்கொண்டு வந்தேன். எடுக்காமல் வந்திருக்க வேண்டும். அதற்குக்கூடத் தெம்பு இல்லை.

சாயங்காலம் வீட்டில் அப்பாவிடம் சொன்னேன். அவர் தேங்காய் எண்ணெயை உள்ளங்கையில் ஊற்றி முழங்காலில் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"அக்கா சொல்றதுல என்னா தப்பு? ஒரு நாளைக்குத்தான தாயி. எடுத்து வச்சுட்டு மறுபடி போட்டுக்க."

"அப்புறம் மாசா மாசம் பாப்பாங்கப்பா."

"மாசத்துக்கு ஒருக்கா எடுத்து வையி. நாங்க பண்ணல?"

"நீங்க பண்ணீங்க," என்றேன். விரலைப் பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்துவிட்டேன். அவர் அந்தக் கையை வேட்டிக்குள் இழுத்துக்கொண்டார்.

அம்மா முருங்கைக்காயை நறுக்கிக்கொண்டே, "அவ கிட்டப் பேச்சு வாங்காட்டி ஒங்களுக்குத் தூக்கம் வராதாக்கும்," என்றாள். யாரைச் சொன்னாள் என்று நாங்கள் இரண்டு பேரும் கேட்கவில்லை.

சரி என்று முடிவு செய்தேன். எடுத்து வைத்துவிட்டுத் திரும்பப் போடுவது. ஆடிட் முறை. பஸ் ஸ்டாப் பக்கத்துக் கம்ப்யூட்டர் கடைக்குப் போனேன். கடைக்காரம்மா இரண்டு டப்பாவையும் மேஜையில் வைத்தார்.

"பச்சைதான் நெறையப் போவுதுங்க. அது எதையும் தானா அழிக்காதுங்க. உங்களைக் கேட்டுட்டுத்தான் செய்யும். செவப்பு கொஞ்சம் மொரட்டுத்தனமுங்க. கஸ்டமர் திட்டறாங்க."

"சிவப்பு குடுங்க."

"யோசிச்சுக்குங்க. பிரிச்சா திருப்பி எடுத்துக்க மாட்டமுங்க."

திரும்பப் போடத்தான் போகிறேன் என்றால் பச்சையைத்தான் வாங்கியிருக்க வேண்டும். பச்சை என்னைக் கேட்கும். கேட்டால் நான் என்ன சொல்வேன் என்று எனக்குத் தெரியும். சிவப்பையே வாங்கிக்கொண்டு, பில்லும் வாங்கிக்கொண்டு வந்தேன்.

செவ்வாய்க்கிழமை ஆபீஸுக்கு லீவு சொல்லிவிட்டேன். ஒன்பது மணிக்கு மார்க்கர் சாப்ட்வேரை பென் டிரைவுக்கு மாற்றி, டி டிரைவில் இருந்ததை அழித்து, பென் டிரைவைத் தையல் மெஷின் டிராயரில் ஊசிப் பாக்கெட்டுகளுக்கு அடியில் வைத்தேன். சிவப்பு டப்பாவைப் போட்டு முழு ஸ்கேன் ஓட்டினேன். சுத்தம் என்று வந்தது. மூன்று வருடத்தில் இந்தக் கம்ப்யூட்டர் முதல் முறையாகச் சுத்தமாக இருந்தது. பத்தேமுக்காலுக்குத் தலை வாரிக்கொண்டு உட்கார்ந்தேன்.

பதினொரு மணிக்குப் போன் வந்தது. "வேல்விழிங்களா? நதியா பேசறனுங்க. சிஸ்டம் செக் பண்ணலாமுங்களா?"

என் கையை மௌஸிலிருந்து எடுத்துவிட்டேன். திரையில் அம்பு தானாக நகர்ந்தது. பில் எண்ணைச் சரிபார்த்தது. ஸ்கேன் முடிவைத் திறந்தது. விலக்குப் பட்டியலைத் திறந்தது. காலி. அப்புறம் பழைய குறிப்புகளுக்குள் போய் ஓரிடத்தில் நின்றது. சோதனைக்குப் போட்டுக் கழற்றியபோது சிவப்பு டப்பா தன் ஞாயிற்றுக்கிழமைக் குறிப்பை மட்டும் அழிக்காமல் விட்டிருக்கிறது.

"ஞாயித்துக்கெழமை ஒன்னு புடிச்சிருக்குதுங்களே. மார்க்கர் சாப்ட்வேருங்களா?"

"ஆமாங்க."

"திருப்பூர் சிஸ்டம்னா இது இருக்குமுங்க. போன மாசம் ஒருத்தரு வீடியோ கால்ல, அப்படியெல்லாம் எங்ககிட்ட எதுவுமே இல்லீங்கன்னாரு. பின்னால சாமி படத்துல மாலைக்குப் பதிலா கேபிளு தொங்குது. ஹார்டு டிஸ்க சாமிக்குப் பின்னால வெச்சிருக்காருங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

"இப்ப இல்லீங்களே?"

"இல்லீங்க."

"மறுக்கா வருமுங்களா?"

பக்கத்து வீட்டில் குக்கர் விசிலடித்தது.

"ஒன்னு சொல்லிர்றனுங்க," என்றாள் நதியா. "இதுக்கு ஒரு பாஸ்வேர்டு போடோணும். நீங்களும் போடலாம், நானும் போடலாம். நீங்க போட்டா உங்க இஷ்டத்துக்கு நிறுத்திக்கலாம், விலக்கு சேத்திக்கலாம். மாசாமாசம் பாக்கறப்ப தெரிஞ்சுதுன்னா அன்னைக்கே வேலை போயிருமுங்க. நான் போட்டா உங்களால தொறக்கவே முடியாது. எது வேணும்னாலும் எனக்கு மெயில் போடோணும். பொதுவா எல்லாரும் நானே போட்டுக்கறேன்னுதான் சொல்லுவாங்க."

நானும் அதைத்தான் சொல்லியிருக்க வேண்டும். அப்படித்தான் முடிவு செய்திருந்தேன். பாஸ்வேர்டு போட்டு, போனை வைத்து, டிராயரைத் திறந்து, பென் டிரைவைச் செருகி, டி டிரைவைப் பார்க்காதே என்று சொன்னால் பத்து நிமிட வேலை. அடுத்த மாதம் இதே தேதியில் மறுபடி எடுத்து, அழித்து, ஊசிப் பாக்கெட்டுக்கு அடியில் வைக்க வேண்டும். அதற்கு அடுத்த மாதம். தலை வாரிக்கொண்டு உட்கார வேண்டும். துடைத்து, எண்ணி, பீரோவுக்குள் வைக்க வேண்டும். எனக்குக் கோபம்கூட வரவில்லை. அசதியாக இருந்தது.

"நீங்களே போட்டுக்கங்க," என்றேன்.

"நெசமாலுமுங்களா?"

"என்னைக் கேக்காதீங்க. போடுங்க."

என் திரையில் கருப்புப் புள்ளிகள் ஒவ்வொன்றாக விழுந்தன. பதினொன்று. என் வீட்டில் எனக்குத் தெரியாத முதல் பாஸ்வேர்டு.

"ஓகேங்க. திங்கக்கெழமை ஒம்பது மணிக்குச் சேந்துக்குங்க," என்று நதியா வைத்துவிட்டாள். அம்பு நின்ற இடத்தில் நின்றது. நான் மௌஸைத் தொட எனக்கே கொஞ்ச நேரம் ஆனது.

ஒரு மணி இருக்கும். அப்பா போனில் கூப்பிட்டார். பின்னால் ஓவர்லாக் தையல் மெஷின் சத்தம்.

"தாயி, ஆர்டர்ல சைஸ் கணக்க மாத்திப்புட்டாய்ங்க. சின்ன சைஸ் கூடுதலாம். துணி விரிச்சுட்டேன். புது மார்க்கர் ஒண்ணு போட்டு அனுப்பு. அரை மணி நேரத்துல வேணும்ங்குது அக்கா."

"இங்க இனிமே போட முடியாதுப்பா."

"எடுத்து வச்சத இன்னும் போடலயா?"

"போட முடியாது. போட்டா உடனே அழிச்சிரும். நிறுத்தச் சாவி எங்கிட்ட இல்ல."

"யார்ட்ட இருக்கு?"

"கோயமுத்தூர்ல."

ஓவர்லாக் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு போன் கை மாறியது.

"கண்ணு," என்றார் சாரதாமணி அக்கா. குரலில் ஒரு பிசிறு இல்லை. "ஒன்னும் நெனச்சுக்காத. நாங்க வேற ஆள வெச்சுப் பாத்துக்கறமுங். அந்தக் கம்ப்யூட்டரை மட்டும் அப்பா வந்தா குடுத்துடு."

"அது எனக்குன்னு குடுத்ததுங்க்கா."

"ஆமா கண்ணு. நீ நல்லா இருக்கோணும்னுதான் குடுத்தது. இப்பத்தான் நீ நல்லா இருக்கறயே."

அப்பா கம்பெனி டிவிஎஸ் வண்டியில் வந்தார். வண்டியின் முன்னால் கம்ப்யூட்டர் வைக்க அட்டைப்பெட்டி கட்டியிருந்தார். நான் வயர்களைப் பிடுங்கி, டப்பாவைத் தரையில் படுக்கவைத்து, ஸ்குரூ டிரைவரோடு உட்கார்ந்திருந்தேன்.

"என்னா பண்ற?"

"அவங்க குடுத்ததை அவங்களுக்குக் குடுக்கப் போறேன். இது நான் வாங்குனது." ராமைப் பிடுங்கிப் பாயில் வைத்தேன். "இதுவும்." ஹார்டு டிஸ்க் என்றால் இப்போதெல்லாம் சீட்டுக்கட்டு அகலம், அவ்வளவுதான். அதன் ஸ்குரூ ஒன்று துருப்பிடித்துச் சுற்றவில்லை. நான் அவரைத் திட்ட வேண்டும் என்று காத்திருந்தேன். அவர் என்னைத் திட்டுவார் என்றும் காத்திருந்தேன்.

அவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, டப்பா ஆடாமல் இடது கையால் பிடித்துக்கொண்டார்.

"அமுக்கிச் சுத்து. வேகமாக் கழட்டு தாயி, துணி விரிச்சுக் கெடக்கு."

ஸ்குரூ வந்தது. கழன்ற ஸ்குரூக்களை அவர் உள்ளங்கையில் வைத்திருந்தார்.

"அந்த ஆன்டிவைரஸு இதுல போயிருமா?" என்று டப்பாவைக் காட்டிக் கேட்டார்.

"இல்லப்பா. அது இதுல இருக்கு." டிஸ்கைக் காட்டினேன்.

"அந்தக் கோயமுத்தூர்ச் சாவியும்?"

"அதுவும்தான்."

"அப்பச் சரி. அக்கா கேட்டா எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லிருவேன்." ஸ்குரூக்களை என்னிடம் கொடுத்தார். "நெசமாவே ஒண்ணும் தெரியாது."

டிராயரிலிருந்து பென் டிரைவை எடுத்து அவர் சட்டைப் பையில் போட்டேன். "இதுல அவங்க சாப்ட்வேர் இருக்கு. தங்கதுரை அண்ணனை விட்டு ஆபீஸ் கம்ப்யூட்டர்ல போட்டுக்கச் சொல்லுங்க."

"ஒன்னையத் திட்டமாட்டாங்க. எனக்குத்தான் நாலு நாளைக்கு வணக்கம் சொல்ல மாட்டாங்க," என்றார். வெறும் டப்பாவை அட்டைப்பெட்டிக்குள் இறக்கி, கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றி, வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார். வழியில் அது குலுங்கி உடைந்தாலும் உடையட்டும் என்று நினைத்தேன். அப்படியெல்லாம் அவர் ஓட்ட மாட்டார்.

பாயில் ஒரு டிஸ்க், ஒரு ராம், மேஜையில் ஒரு மானிட்டர். ஒரு வருடப் பாதுகாப்பு முழுசாக இருக்கிறது. அதைப் போட்டுக்கொள்ளக் கம்ப்யூட்டர் இல்லை. தங்கதுரை அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"அண்ணே, பழைய டப்பாவும் போர்டும் மட்டும் கிடைக்குமா? ராம் வேண்டாம், டிஸ்க் வேண்டாம்."

"என்னம்மா, உசுரக் கையில வச்சுக்கிட்டு உடம்பக் கேக்குத?"

"வெள்ளிக்கிழமைக்குள்ள வேணும். அடுத்த மாசச் சம்பளத்துல தர்றேன்."

"ஒண்ணு கெடக்கு. ஒரு பிரின்டிங் கம்பெனியில கழிச்சுப் போட்டது. நாளைக்கே கொண்டாரேன். டிஸ்க நீ வச்சிருக்க. அப்ப டி டிரைவு..."

"டி டிரைவே வேண்டாம்ணே. ஒரே டிரைவா மாத்திடப் போறேன்."

"அப்ப அந்த வாட்ச்மேனு எல்லாத்தையும் பாப்பானே."

"பாக்கட்டும்."

"சம்பளம் குடுத்து வச்சிருக்கேல்ல, பாக்கட்டும்," என்றார் அவரும், ஒரு மாதிரியாக.

போனிலேயே நதியாவுக்கு மெயில் எழுதினேன். டப்பாவும் போர்டும் மாறுகின்றன, டிஸ்க் அதேதான், ஆன்டிவைரஸ் தன் சாவி நம்பரை மறுபடி கேட்டால் பில் இருக்கிறது, வெள்ளிக்கிழமை இன்னொரு தடவை சோதித்துக்கொள்ளுங்கள் என்று. ஏன் மாறுகிறது என்று எழுதவில்லை. பத்து நிமிடத்தில் பதில் வந்தது. வெள்ளி பதினொரு மணி. அதே பாஸ்வேர்டுதான், கவலைப்பட வேண்டாம்.

டிஸ்கையும் ராமையும் எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அம்மாவின் ரேஷன் கார்டு கவரை எடுத்து, என் முதல் பட்டதாரிச் சான்றிதழுக்குப் பக்கத்தில் அவற்றைச் செருகி வைத்தேன். கவர் சரியாக மூடவில்லை. அப்படியே விட்டுவிட்டு, பாயில் படுத்தேன்.